கிழக்குக் கெலரி

பதுளை
02.02.2025

அன்பின் தம்பி றுஷ்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தொழுகை விடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

தேசிய உதைபந்தாட்ட மைதானத்தில் பராமரிப்பு வேலை கிடைத்து நீ கொழும்புக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். உன் அறை ஜனங்கள் உட்காரும் கெலரிப் படிகளுக்கு அடியில் என்பதால் போன் பிடிப்பதில்லை. பிடித்தாலும் வாப்பாவுக்குப் போதாது. கண் பார்வை போன பிறகு அவருக்கு ஒரே விஷயத்தை நாலு தரம் கேட்க வேண்டும். "அவனைக் கடிதம் எழுதச் செல்லு மகள். கடிதம் என்டா திரும்பத் திரும்ப வாசிக்கலாம்" என்கிறார். ஆகவே எழுது. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பேன். வாப்பாவின் காதுக்குப் போகக் கூடாதது ஏதும் இருந்தால் தனியாக ஒரு சின்னத் தாளில் எழுதி உள்ளே மடித்து வை. அது எனக்கு மட்டும்.

எழுபத்து நாலாம் ஆண்டு பதுளை அணிக்காக வாப்பா அந்த மைதானத்தில் ஆடிய கதை மறுபடியும் தொடங்கிவிட்டது. "அரை மணித்தியாலம் ஆடினேன். அதுல இருபது நிமிஷம் பந்து எங்க என்டே தெரியல்ல" என்று சொல்லி அவரே சிரிக்கிறார். மைதானத்தின் வரலாற்றை விசாரித்து எழுத வேண்டுமாம்.

என் மகள், உன் மருமகள் ரிஸ்கா பாடசாலைப் பெண்கள் அணிக்குக் கோல் காப்பாளர் ஆகிவிட்டாள். முழங்கால் தோல் முழுக்க இப்போது பயிற்சித் தரையில்தான் இருக்கிறது. அவளோடு ஆடும் நிஷாந்தினி என்ற பிள்ளை நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறாள். சனிக்கிழமைப் பயிற்சி முடிவதற்குள் பஸ் போய்விடுவதால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்கிறாள். மறுநாள் அவளுடைய அம்மா கருப்பம்மாக்கா சாமான் வாங்க டவுனுக்கு வந்து, பிள்ளையையும் கூட்டிப் போவார். கொழுந்து பறிக்கிற கையால் என் கன்னத்தைக் கிள்ளி "தங்கச்சி" என்று கூப்பிடுகிற மனுஷி.

உன் ஸலாமத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்யும்,
ராத்தா ஸைனப்

*

தேசிய மைதானம், கொழும்பு
18.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சோறு நேரத்துக்கு, தொழுகை பள்ளியில். கொசுவுக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை.

வாப்பா கேட்டதற்காக, என் அறை அலுமாரியில் கிடக்கும் பழைய காவல் புத்தகங்களைப் புரட்டினேன். வெள்ளைக்காரன் காலத்தில் இது சதுப்பு நிலமாம். ஒரு கால்வாயை மண் போட்டு மூடித்தான் தரையாக்கியிருக்கிறார்கள். முதலில் மேற்குக் கெலரி, பத்து வருடம் கழித்து நான் இருக்கும் கிழக்குக் கெலரி. விளக்கு வெளிச்சத்தில் முதல் ஆட்டம் நடந்த அன்று ஜனங்கள் பந்தை விட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வெள்ளம் வந்தபோது வீடிழந்தவர்களை இங்கே வைத்தார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தவர்களையும் இங்கேதான். பிறகு பட்டாளம் கூடாரம் அடித்தது. கொரோனாவுக்குக் கட்டில் போட்டார்கள். பந்து ஆடிய நாளைவிட மற்றதற்கு எடுத்த நாள்தான் அதிகம் போல் தெரிகிறது. நாட்டில் எங்கே நோவு என்றாலும் கொண்டுவந்து இறக்குகிற இடம் இது.

வாப்பா ஆடிய ஆட்டத்தையும் தேடினேன். "பதுளை, தோல்வி" என்று மட்டும் இருக்கிறது. வாப்பாவின் பெயரைக் காணவில்லை. பந்தைத் தொட்டவர்களின் பெயரைத்தான் எழுதுவார்கள் போல.

புல் வெட்டுவது, விளக்குப் பார்ப்பது, கழிவறைக்குத் தண்ணீர் விடுவது. என் வேலை இவ்வளவுதான். மிஞ்சும் நேரத்தில் எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன ஒரு வேலையும் செய்கிறேன். கெலரியின் அடிச்சுவரில் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் திகதி எழுதுவது. ஒன்பது ஒட்டியாயிற்று. டோர்ச் அடித்தால் நட்சத்திரம் மாதிரி மின்னும்.

எல்லோருக்கும் என் ஸலாம்.
றுஷ்தி

*

பதுளை
24.02.2025

அன்பின் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 18ஆம் திகதிக் கடிதம் 22இல் கிடைத்தது. நேற்று வாசித்தேன். பந்தைத் தொட்டவர் கதைக்கு வாப்பா சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்குக்குள் போய்விட்டது. நோன்பு நெருங்குகிறது, விடியச் சஹர் சாப்பாட்டுக்கு வெறும் பாணைத் தின்று சமாளிக்காதே.

ஒரு விஷயம். நான் வாசிக்கும்போது கருப்பம்மாக்காவும் இருந்தார். கண்ணாடி ஒட்டுகிற இடம் வந்ததும், "எதுக்குங்க ஒட்டுறாரு?" என்றார்.

"அழகுக்காக இருக்கும்" என்றேன்.

"அழகுக்கா? செவுரு வெடிச்சிருக்கும் தங்கச்சி! எங்க லயத்து வீட்டுச் செவுத்துல வெடிப்பு விட்டா, அதுக்குக் குறுக்கால சுண்ணாம்புல கோடு போட்டு வைப்போம். காலையில வேலைக்குப் பெரட்டுக்குப் போறப்ப ஒருக்கா, வேல முடிஞ்சு வந்து ஒருக்கா பாப்போம். கோடு அறுந்திருந்தா மல நகருதுன்னு அர்த்தம். புள்ளைகளத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிருவோம். ஒங்க தம்பி கோட்டுக்குப் பதிலா கண்ணாடி வைக்கிறாரு. ஒம்பதுல எத்தன ஒடைஞ்சிருச்சுன்னு கேளுங்க."

பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார். எண்பத்து மூன்றில் அவருக்கு ஆறு வயது. அப்பா கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. கலவரத்தில் தப்பி, நீ இருக்கும் அதே கிழக்குக் கெலரிப் படியில் ஒன்பது நாள் கிடந்தார்களாம். "படுத்தா முதுகுக்குக் கீழ தண்ணி ஓடுற சத்தம் கேக்கும். எங்கம்மா காதப் பொத்திக்கச் சொல்லும்" என்றார்.

வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "அது கொங்கிரீட். லயத்துச் சுவரில்ல. ஒண்டும் ஆகாது" என்று சத்தம் போட்டார். "ஆமாங்க பெரியவரே, எங்க தோட்டத் தொரையும் இப்புடித்தான் சொல்லுவாரு" என்றார் கருப்பம்மாக்கா.

நீ சின்னத் தாள் வைக்கவில்லை. எத்தனை உடைந்திருக்கிறது என்று எழுது.

அல்லாஹ்வின் காவலில் உன்னை ஒப்படைக்கும்,
ராத்தா

*

தேசிய மைதானம்
26.03.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். நோன்பில் உடம்பு நன்றாகவே ஒத்துழைக்கிறது. பக்கத்துப் பள்ளியில் தினமும் கஞ்சி தருகிறார்கள். வாப்பாவிடம் சொல்லுங்கள்: நோன்பு திறந்த பிறகு புல் நடுவில் நின்று பார்த்தேன். பதினாறாயிரம் பேர் உட்காரும் இடத்தில் நான் ஒருவன். இருமினால் நாலு பக்கமிருந்தும் பதில் வருகிறது. பெருநாளுக்கு வர லீவு கிடைக்காது.

றுஷ்தி

(சின்னத் தாள்)

ராத்தா, அந்த அக்கா இருக்கும்போது என் கடிதத்தை வாசிக்காதீர்கள். ஒன்பதில் நாலு உடைந்திருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். "கட்டடத்துக்கு வயசு போனா சுருக்கம் விழும்" என்று சிரித்தார். வெளிநாட்டு ஆட்டங்களை இங்கே கொண்டுவரப் பார்க்கிறார்களாம். வெடிப்பு என்ற சொல் வெளியே போனால் மைதானமும் போய்விடும், உன் வேலையும் போய்விடும் என்றார். தண்ணீர்ச் சத்தம் எனக்கும் கேட்கிறது.

*

பதுளை
07.04.2025

அன்பின் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் சுகமாகக் கழிந்தது. உன் இடத்தில் ஒரு பிளேட் வைத்துவிட்டுப் பிறகு எடுத்தேன்.

நம் பிள்ளைகள் மாகாணத்தில் முதலிடம்! பண்டாரவளை அணியை மூன்றுக்கு ஒன்று. இன்னும் இரண்டு ஆட்டம் வென்றால் அகில இலங்கை இறுதியாட்டம். அது உன் மைதானத்தில். வாப்பா இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதுவிட்டு, எந்தச் சப்பாத்தைப் போடுவது என்று இப்போதே கேட்கிறார். தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் பஸ் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

உன் சின்னத் தாளைக் குர்ஆன் அலுமாரியில் வைத்திருக்கிறேன். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். அந்தக் கெலரியில் ஜனங்களை நம்பி ஏற்றலாமா, ஏற்றக் கூடாதா?

உன் பதிலை எதிர்பார்த்து,
ராத்தா

*

தேசிய மைதானம்
30.05.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. வாப்பாவுக்கு மருந்து தவறாமல் கொடுப்பீர்கள் என்று தெரியும்.

இங்கே ஒரே பெயின்ட் வேலை. கிழக்குக் கெலரி முழுக்க நீலமும் மஞ்சளுமாக, கல்யாண வீடு மாதிரி. மேனேஜர் நல்ல மனிதர். என்னை நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இறுதிக்கு வரட்டும், நான் கோல் கம்பத்துக்கு என் கையாலேயே வெள்ளை அடிக்கிறேன்.

வாப்பாவைக் கூட்டி வந்தால் மேற்குப் பக்கம் உட்காருங்கள். பின்னேரம் அங்கேதான் நிழல். நம் ஆட்கள் எல்லோரும் மேற்குப் பக்கம் இருந்தால் நல்லது.

றுஷ்தி

*

பதுளை
16.06.2025

அன்பின் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியில் உன் பங்கை உன் மச்சான் அலவி சாப்பிட்டுவிட்டார். சண்டையை அவரோடு வைத்துக்கொள். மற்றபடி எல்லோரும் சுகம்.

இரண்டு மாதம் காத்திருந்து வந்த கடிதத்தில் சின்னத் தாள் இல்லை. கேட்ட கேள்விக்கு நிழலைப் பற்றி எழுதியிருந்தாய். நான் புரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் மிச்ச இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டார்கள். இறுதியாட்டம் ஜூலை 12 சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. பதுளைக்குக் கொடுத்த இடம் கிழக்குக் கெலரி. அதைக் கேட்டதும் கருப்பம்மாக்கா, "எம்புள்ள ஆடுறத மரத்துல ஏறியாச்சும் பாப்பேன். அந்தப் படியில உக்கார மாட்டேன்" என்றுவிட்டார். நான் அணிக்குப் பொறுப்பான பாக்கியலெட்சுமி டீச்சரிடம் போய், வயதானவர்கள் வெயில் தாங்க மாட்டார்கள், மேற்குப் பக்கம் மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். கொழும்புக்குப் பேசி மாற்றிக் கொடுத்தார். நாலு பஸ் ஆட்களும் இப்போது மேற்குப் பக்கம்.

டீச்சரிடம் நான் சொன்னது பாதி. வெயில் என்று சொன்னேன், வெடிப்பு என்று சொல்லவில்லை. உன் வேலைக்குப் பயந்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். கிழக்குப் பக்கத்தை என்ன செய்யப் போகிறார்கள்?

ராத்தா

*

தேசிய மைதானம்
28.06.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். அவசரத்தில் எழுதுகிறேன். கிழக்குக் கெலரியை அன்று பூட்டியே வைப்பதாக மேனேஜர் வாக்குக் கொடுத்துவிட்டார். சாவி என்னிடம்தான். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் வாருங்கள். வாப்பாவைப் புல்லைத் தொடவைக்கிறேன்.

றுஷ்தி

*

பதுளை
15.07.2025

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு பஸ்ஸும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வாப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வீடு முழுக்க ஆட்கள் வந்து போகிறார்கள். கோப்பை எங்கள் மேசைமேல் இருக்கிறது. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

மூன்றரை மணி வரை எதிர்க் கெலரி வெறுமையாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று இருந்தேன். பிறகு டெலிவிஷன்காரர்கள் கமராவை எங்கள் பக்கத்தில் வைத்து எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். வெற்றுப் படி படத்தில் விழுகிறது என்று யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் எந்தப் பாடசாலையோ தெரியாது, வெள்ளை உடுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டாக வரிசையில் கொண்டுவந்தார்கள். கதவைத் திறந்தது நீ. தூரத்திலிருந்தும் உன் நடை எனக்குத் தெரியும்.

எண்ணினேன். அறுநூற்று நாற்பது பிள்ளைகள்.

"நமக்கு வச்ச எடத்துல புள்ளைகளக் கொண்டாந்து வச்சுட்டானுங்க தங்கச்சி" என்றார் கருப்பம்மாக்கா. அதற்குப் பிறகு அவர் பந்தைப் பார்க்கவே இல்லை.

இருபதாவது நிமிடம் நிஷாந்தினி கோல் அடித்தாள். எங்கள் பக்கம் எல்லோரும் எழும்பிக் குதித்தார்கள். எதிரே அந்தப் பிள்ளைகளும் குதித்தன. அறுநூற்று நாற்பது பேரும் ஒன்றாக. சத்தம் எங்கள் காலுக்கு வந்தது. பெற்ற தாய் தன் பிள்ளை அடித்த கோலைக் காணாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துஆக் கேட்டேன். என்ன துஆ தெரியுமா? யா அல்லாஹ், இனி யாரும் கோல் அடிக்கக் கூடாது.

இரண்டாம் பாதியில் நிஷாந்தினி அடித்த இன்னொரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. என் வாயிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாக வந்துவிட்டது. மச்சான் திரும்பி, "ஒனக்குப் பைத்தியமா? அது எங்கட புள்ள அடிச்ச பந்து!" என்றார். முன் வரிசையில் ஒருவர், "காக்கா, உங்கட மனைவி எந்த ஊர்க் கட்சி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா, "கோலா மகள்?" என்றார். "இல்ல வாப்பா" என்றேன்.

ஒன்றுக்குப் பூச்சியம். வென்றோம். பஸ்ஸில் ரிஸ்கா, "உம்மா, நீங்க மட்டும் ஏன் சிரிக்கல்ல?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைகளின் உம்மாமாருக்கு எதுவும் தெரியாது, தம்பி. நம் ஆட்களை எழுப்பிவிட்டு, வேறு யாருடைய பிள்ளைகளையோ அங்கே உட்கார வைத்துவிட்டோம். டீச்சரிடம் நான் முழுதும் சொல்லியிருந்தால் அந்தப் பஸ்களே போயிருக்காது. கோப்பையும் இருந்திருக்காது. அவ்வளவுதானே.

நீ வாப்பாவைப் பார்க்க எங்கள் பக்கம் வரவே இல்லை. புல்லைத் தொடுவதற்காக ஆட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் அவர் வேலியோரம் நின்றார். ஏன் வரவில்லை? கெலரியில் குறை இல்லை என்று நீ எதிலாவது கையெழுத்துப் போட்டாயா?

ஸைனப்

*

தேசிய மைதானம்
11.08.2025

ராத்தாவுக்கு,

ஸலாம். இதில் சத்தமாக வாசிக்க ஒன்றும் இல்லை.

போட்டேன். ஜூன் மாதம். "எல்லாக் கெலரிகளையும் பரிசோதித்தேன், குறை இல்லை" என்று ரெஜிஸ்டரில் இருக்கிறது. கீழே என் பெயர். மேனேஜர் போடவில்லை, நான்தான் போட்டேன். நிரந்தரக் கடிதம் அடுத்த நாள் வந்தது. கண்ணாடிகளை அதற்கு முந்தியே என் கையாலேயே தட்டி எடுத்தேன், மேலே சாந்து பூசினார்கள், பெயின்ட் அடித்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் உள்பக்கத் தூணில் ஆறு புதிதாக ஒட்டினேன். உங்கள் ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு டோர்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஆறும் உடைந்திருந்தது. அதனால்தான் வாப்பா முன்னால் வர முடியவில்லை.

ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரிய இசை நிகழ்ச்சி. பந்துக்கு எடுக்காத நாளில் வாடகைக்கு விடுகிறார்கள். மேடை மேற்குப் பக்கம். ஏழாயிரம் பேர் கிழக்குக் கெலரியில். பாட்டுக்கு நாலு மணித்தியாலம் ஆடுவார்கள்.

நான் இல்லை என்றால் வேறு ஒருவன் திறப்பான். இனி எழுத வேண்டாம்.

றுஷ்தி

*

பதுளை
26.08.2025

அன்பின் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. போனை அணைத்து வைத்திருக்கிறாய். நான் 16இலும் 20இலும் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை.

உன் கடிதத்தைப் படி எடுத்து மைதானத்துக்குப் பொறுப்பான இரண்டு அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஓரிடத்திலிருந்து, கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம் என்று ஒரு வரி வந்தது. மற்ற இடத்தில் போனை எடுத்த பெண், "ஒரு வீட்டுப் பொம்புளைக்குக் கெலரியைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். பாக்கியலெட்சுமி டீச்சரிடம் வெயிலென்று சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். அவர் வெகு நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு தானும் எழுதுவதாகச் சொன்னார்.

ஞாயிறு பின்னேரம் வாப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் எழும்பி மஃரிப் தொழுதார். பிறகு, "பேர் அவன்டதானே?" என்றார்.

"ஓம் வாப்பா."

"அப்ப கதவுக்குக் குறுக்க அவன் நிக்கட்டும். நானும் வாறேன். கண் தெரியாத கிழவனைத் தள்ளிப் போட்டுட்டுத் திறக்கட்டும் பாப்போம்."

கருப்பம்மாக்கா தன் லயத்திலிருந்து பதினொரு பெண்களைக் கூட்டி வருகிறார். "சம்பளத்துக்கு ரோட்டுல உக்காந்து பழகின ஆளுங்க நாங்க. ஒரு கதவுக்கு முன்னால உக்கார மாட்டோமா? தம்பிகிட்ட சொல்லுங்க, இந்தத் தடவ காதப் பொத்திக்க மாட்டேன்னு" என்றார். நிஷாந்தினியும் ரிஸ்காவும் வருகிறோம் என்று அழுதார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த வாரம் தொடங்கிய பஸ் வேலைநிறுத்தம் இன்னும் முடியவில்லை. தோட்டத்தில் சனிக்கிழமையும் கொழுந்து. பெண்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை. ஆகவே ஞாயிறு விடிய, நானும் வாப்பாவும் மச்சானும் பதுளையில் ஏறுகிறோம். அவர்கள் தெமோதரையில் ஏறுவார்கள். ரெயில் மூன்றரை மணிக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். மைதானக் கதவு நான்கு மணிக்குத் திறக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது.

இந்தப் பாதையில் ரெயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளை நான் கண்டதில்லை, தம்பி. நாங்கள் வரும்வரை அந்தக் கதவில் நீ ஒருவன்தான்.

உனக்காகவும், பெயர் தெரியாத அந்த ஏழாயிரம் பேருக்காகவும் கையேந்தும்,
ராத்தா ஸைனப்